கரடிப்பாறையும் இன்னாசிமுத்துவின் பிடிவாதமும்

இன்னாசிமுத்து சாரின் மகள் ஸ்டெல்லாவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். "அங்கிள், அப்பா போயிட்டாரு. விடியக்காலம் தூக்கத்துலயே," என்றாள். என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை இரங்கல் இல்லை. "அதெப்படிம்மா? ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னாரே!" என்றுதான் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தளி பக்கத்து மலை தெரியும் என்று நான் சொல்லிவந்தேன். தெரியவே தெரியாது, நான் பார்ப்பது மேகம் என்று அவர் சொல்லிவந்தார். பைனாகுலரோடு ஓசூருக்கு வந்து அதைத் தீர்த்துவைப்பதாகத்தான் வாக்கு. தீர்க்காமலே போய்விட்டார். எந்த விவகாரத்தையும் பாதியில் விடாத மனிதர் இதை மட்டும் விட்டுவிட்டுப் போனதில் எனக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

இன்னாசிமுத்து சாரை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நம் தொலைபேசி இலாகா நண்பர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் அவரைத் திட்டியவர்கள். நான் இரண்டு வகையிலும் சேர்த்தி. கிருஷ்ணகிரி கோயிலில் பூசை முடிந்ததும் பாதிரியார் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றவன், "இந்த ஆளோட வேலை செய்யறது சாமானியமில்ல," என்று தொடங்கிவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையை ஆட்டி ஆமோதித்தார். அங்கே சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் இன்றைக்கு இருக்கும் தொழிற்சாலைகள் எதுவும் அப்போது இல்லை. பெங்களூருக்குப் போகும் லாரிகள் டீ குடிக்க நிற்கிற ஊர், அவ்வளவுதான். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே மலைக்கு மலை கோபுரம் நட்டு, கம்பி இல்லாமல் தொலைபேசிப் பேச்சை அனுப்பும் வேலையை எங்கள் இலாகா எடுத்திருந்தது. அவர் ரேடியோ அலைப் பிரிவில் உதவிப் பொறியாளர்; நான் கட்டடப் பிரிவில் ஓவர்சியர். கோபுரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை, அங்கே அதை நிற்க வைப்பது என் வேலை. என் ஊர் கல்லாவி என்று தெரிந்த நாளிலிருந்து என் பெயரை அவர் சொன்னதே இல்லை. "கல்லாவி, வாங்க", "கல்லாவி, உங்க சிமெண்ட் எங்க?" இப்படித்தான் கடைசிவரை.

பேச்சைச் சுமந்துபோகும் அந்த அலை வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். வளையாது, மலையைத் துளைக்காது. பூமியோ உருண்டை. அதனால் ஒரு மலையிலிருந்து கிளம்பும் அலையை அடுத்த மலையில் பிடித்து, தளர்ந்துபோனதைத் தெம்பாக்கி, அதற்கடுத்த மலைக்கு விட வேண்டும். டெல்லியில் மட்டும் டெலிவிஷன் இருந்த காலம் அது. ஆனாலும் அவர், இன்றைக்குப் பேச்சு போகிற இதே பாதையில் நாளைக்குப் படமும் போகும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தாள் வேலைக்கு வந்த பெண்களிடமும் சொன்னார்.

"யாரு படம் சாமி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லார் படமும்."

"அப்ப டிக்கெட்டு எங்க குடுப்பாங்க?"

விடமாட்டாரே. வேலையை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்துவிட்டார். "நீங்க வரிசையா நின்னு கலவைப் பாண்டைக் கை மாத்தறீங்கல்ல? அது மாதிரிதான். இந்த மலை வாங்கி அந்த மலைக்குக் குடுக்கும். நடுவுல ஒருத்தி கைய விட்டா என்ன ஆவும்?"

"மேஸ்திரி திட்டுவான்."

"அதேதான்," என்றார் மகிழ்ச்சியோடு. அன்று கலந்துவைத்த சிமெண்ட் பாதி இறுகிப்போனது. அது என் கணக்கில் வந்தது.

முதல் சண்டை அதற்கெல்லாம் முன்னால், மலையைத் தேர்ந்தெடுப்பதில் வந்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மலை இருந்தது. லாரி அடிவாரம் வரை போகும், தண்ணீர் உண்டு, மின்சாரக் கம்பி பக்கத்திலேயே ஓடியது. எங்கள் டிவிஷனல் இஞ்சினியர், டி.இ. என்றுதான் சொல்வோம், வரைபடத்தில் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். இன்னாசிமுத்து கேட்டது ஒரே கேள்வி: "அதெல்லாம் சரி சார், நேராத் தெரியுதா?"

தெரிகிறதா என்று பார்க்கக் கண்ணாடிச் சோதனை. தளி பக்கத்து மலைமேல் அவர் ஒரு கண்ணாடியோடு நின்று சூரிய வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவார். அந்த மினுக்கல் இங்கே தெரிந்தால் பாதை சுத்தம். பதிலுக்கு மினுக்கிக் காட்ட நானும் சலூன் கண்ணாடி அளவுக்கு ஒன்றை வாங்கி, கோணியில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினேன். அதற்கும் தனி டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு சூளகிரி வரைக்கும் வாக்குவாதம். ரோட்டோர மலையில் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம், மினுக்கல் வரவில்லை. நடுவில் ஒரு மேடு மறைத்தது. மறுநாளும் அங்கேயே நிற்கச் சொன்னார். அதற்கு மறுநாளும். பிறகு எதிரே இருந்த கரடிப்பாறை என்ற மலையில் ஏறச் சொன்னார்.

கரடிப்பாறைக்குப் பாதை கிடையாது. அடிவாரத்தில் முனியன் கொட்டாய் என்று சில வீடுகள். அதைத் தாண்டினால் கல்லும் முள்ளும்தான். கண்ணாடியை முதுகில் கட்டிக்கொண்டு தவழ்ந்து ஏறினேன். உச்சியில் நிமிர்ந்த கொஞ்ச நேரத்திலேயே மேற்கே தொடுவானத்தில் ஊசிமுனை மாதிரி ஒரு வெளிச்சம் வெட்டியது. வெட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி மணல், ஜல்லி, இரும்பு எல்லாவற்றையும் இந்த முள்ளுக்குள் ஏற்ற வேண்டியவன் நான் என்றுதான் தோன்றியது.

டி.இ. ரோட்டோர மலையிலேயே கோபுரத்தை இன்னும் உயரமாகக் கட்டலாம் என்றார். அத்தனை உயரக் கோபுரம் காற்றில் ஆடும், இரும்பும் பெருகும் என்று இவர் எழுதினார். அவர் மறுத்து எழுத, இவர் மறுபடி எழுத, கடைசியில் கரடிப்பாறைதான் முடிவானது. வாதத்தில் ஜெயித்த நாளன்று எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே, பாதை வெட்ட எப்போது ஆள் விடுவீர்கள் என்று கேட்டார்.

ஆட்கள் முனியன் கொட்டாயிலிருந்து வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் மாதம்மா. அப்போது நாற்பது வயது இருக்கும். செய்கிற கூலி வேலைக்கு இல்லாத அதிகாரம் குரலில் இருக்கும். பாதை வெட்டியவர்கள், இரும்புத் துண்டுகளைத் தோளில் போட்டு ஏற்றியவர்கள், தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள் எல்லாருக்கும் அவள்தான் தலைவி. அந்த ஜனங்கள் அவ்வளவு பாடுபட்டதற்குக் கூலி மட்டும் காரணமில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் வரும் வழியில்தான் கொட்டாய் இருந்தது. கம்பி போகிற வழியில் உங்களுக்கும் விளக்கு வரும் என்று அளக்க வந்த அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். கீழே ரோட்டிலிருந்து கம்பங்கள் ஒவ்வொன்றாக நடப்பட்டுக் கொட்டாயை நோக்கி வந்துகொண்டிருந்தன. சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போது பெண்கள் புதுக் கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கோபுரம் எழுந்தது. மேலே கொட்டாய்க்காரர்கள் தாம்பாளம் என்று அழைத்த பெரிய வட்டத் தட்டும் ஏறியது. தளி மலையின் அலையைப் பிடிக்கிற தட்டு அது. முதல் சோதனையில் மேற்கேயிருந்து வந்த குரல் பக்கத்து அறையில் பேசுவது மாதிரி கேட்டது. டி.இ. எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தோம்.

பிறகு மழை பிடித்தது. மழை விட்ட வாரத்தில் ஒருநாள் விடிகாலையில் அலை செத்துப்போனது. அலையின் பலத்தைக் காட்டும் மீட்டர் ஊசி மெல்லச் சரிந்து கீழே படுத்துவிட்டது. வெயில் ஏறி, காற்று வீசத் தொடங்கியதும் தானாக நிமிர்ந்தது. மறுநாளும் அதே கதை. இயந்திரத்தில் கோளாறு இல்லை, கம்பியில் கோளாறு இல்லை. நான் பனிமூட்டம் என்றேன். டெக்னீஷியன் பையன்கள் தளி மலைக்காரன் தூங்குகிறான் என்றார்கள். இன்னாசிமுத்து விடிகிற நேரத்தில் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு காலை அப்படி உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இறங்கிவந்து, "கல்லாவி, மேல வாங்க," என்றார். எனக்குக் கோபுரம் ஏறினால் கால் நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஏற்றினார்.

மேலேயிருந்து பார்த்தேன். கோடையில் நாங்கள் அளக்க வந்தபோது மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த வெட்டவெளி முழுவதும் தண்ணீர். கிருஷ்ணகிரி அணை நிரம்பி, பின்பக்கத் தண்ணீர் எங்கள் அலைப்பாதைக்குக் குறுக்கே ஏரியாகப் பரந்து கிடந்தது. காற்றில்லாத அந்த நேரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வானத்தைக் காட்டியது.

"கண்ணாடி," என்றார். "தளி மலையிலேருந்து நேரா வர்ற அலை ஒண்ணு. தண்ணியில பட்டுத் திரும்பி வர்றது ஒண்ணு. ரெண்டும் தட்டுல வந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. காத்து வந்து தண்ணி கலைஞ்சா சரியாப் போவுது."

"சரி, இப்ப என்ன பண்றது?"

"நான் கோடையில பார்த்தேன். மழையில எப்படி இருக்கும்னு கேக்கல. மாடு மேய்ச்சவனக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பான்."

கோபுரக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நான் அவரிடம் கெஞ்சினேன். காலையில் கொஞ்ச நேரம்தானே. விழா பகல் வெளிச்சத்தில். அப்போது காற்று வீசும். விழா முடியட்டும், பிறகு பொறுமையாகச் சொல்லலாம், சரிசெய்யலாம். இப்போது சொன்னால் டி.இ. கரடிப்பாறையே வேண்டாம் என்று ரோட்டோர மலைக்குத் திரும்பிவிடுவார். அவர் கேட்டுக்கொண்டார். பதிலுக்கு, "இறங்கும்போது கீழ பாக்காதீங்க," என்றார்.

மறுநாள் தகரக் கொட்டகையில் கூட்டம். டி.இ. ஒவ்வொருவராகக் கேட்டார். கட்டடம்? ரெடி சார், என்றேன். ஜெனரேட்டர்? ரெடி சார். பேட்டரி? ரெடி.

"இன்னாசிமுத்து?"

"ரெடியில்ல சார்."

அவர் எழுந்து, ஏரியையும் காலை நேரத்தையும் சரியும் ஊசியையும் ஒரு குறையும் வைக்காமல் சொன்னார். முடிவில், "மலையைப் பிடிச்சது நான். தண்ணியைப் பாக்காம விட்டதும் நான். என் தப்பு," என்றார். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் ஒரு சங்கதியைச் சொல்லிமுடித்த நிம்மதி அவர் முகத்தில். அதைப் பார்த்த எனக்கு மேசையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

டி.இ. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மந்திரிக்கு நான் என்ன சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, ரோட்டோர மலைக்கான பழைய வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். விழா தள்ளிப்போனது. மின்கம்ப வேலையை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே ஆள் போய்விட்டது. கடைசிக் கம்பம் கொட்டாய்க்கு ஒரு வயல் தூரத்தில் நின்றது.

இவ்வளவும் செய்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். "கொட்டாய்க்குப் போவணும். அவங்களுக்கு நாமதான் சொல்லணும்," என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நாம" என்று அவர் சொன்னதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மாதம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கம்பம் நின்றுபோனது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு நீ வாயத் தொறந்த?"

"அலை நிக்குதும்மா. காலையில பேச்சுப் போவாது."

"நின்னா நின்னுட்டுப் போவுது. நாங்க இன்னா காலையில எந்திரிச்சி ஃபோனா பேசறோம்?"

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, நீயாவது சொல்லக்கூடாதா என்பதுபோலக் கையை விரித்தார். நான் சொல்லிப் பார்த்ததை அவரிடம் எந்த மொழியில் சொல்வது?

"உங்களுக்கு ஃபோன் இல்ல, சரி," என்றார் இன்னாசிமுத்து. "எங்கயோ ஒரு ஊருல ஒருத்தி பிரசவ வலியில ஆஸ்பத்திரில கெடப்பா. டாக்டரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுவாரு. விடியக்காலமா இருக்கும். லைன் அறுந்துபோவும். அது இங்க அறுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும்."

மாதம்மா அவரையே பார்த்தாள். "எங்க கொட்டாயிலயும் பொம்பளைங்க புள்ள பெக்கறாங்க, இஞ்சினியரே," என்றாள். "இருட்டுல."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மலையேறும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். உங்கள் நேர்மைக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்டேன். அவர் பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, கோபுரத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கல்லாவி," என்றார் திடீரென்று. "நாம இப்ப உக்காந்திருக்கிற எடத்துலேருந்து ஏரி தெரியுதா?"

பார்த்தேன். தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் உச்சிப் பக்கமா, அந்தத் திட்டுக்குப் பின்னாடி போய் நில்லுங்க," என்றார். போனேன். உச்சிக்கு மேற்கே திமில் மாதிரி நின்ற பாறைத் திட்டு ஏரியை மறைத்தது. ஆனால் அதற்கு மேலாகத் தளி மலை மட்டும் தெரிந்தது. "தட்டு ரொம்ப மேல இருக்கு," என்று கத்தினார். "கீழ எறக்கினா தண்ணியை இந்தப் பாறை மறைக்கும். மலைய மறைக்காது." உயரம் உயரம் என்று ஒரு வருஷமாக என் உயிரை எடுத்த அதே வாய்.

டி.இ.யிடம் போய் அவகாசம் கேட்டார். ரோட்டோர மலைக்கான காகிதங்கள் சென்னைக்குப் போய்த் திரும்பும்வரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் இதற்கென்று ஒரு ஆள்கூட அதிகம் கிடையாது என்று டி.இ. சொன்னார். ஆகவே இருந்த ஆட்களை வைத்துக்கொண்டு அந்தக் கனத்த தட்டைச் சங்கிலிக் கப்பியில் கட்டி முழம் முழமாக இறக்கினோம். அதிகம் இறக்கினால் தளி மலையே மறைந்துபோகும். குறைவாக இறக்கினால் ஏரி எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறை இறக்கியதும் அடுத்த விடியலுக்காகக் காத்திருக்க வேண்டும். காற்று வீசிய காலைகள் வீண். அவருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு கோபுரத்தடியில் உட்கார்ந்து, மேலே ஏறிய ஆட்களிடம் கன்னடத்தில் கெஞ்சினார், தெலுங்கில் திட்டினார், தமிழில் என்னைக் குறை சொன்னார். இரும்புக் கம்பிவடமாக வாங்க வேண்டியதை நான் கயிறாக வாங்கிவிட்டேனாம்.

சங்கிலி இழுக்க ஆள் போதாத ஒரு நாளில் மாதம்மா தன் ஆட்களோடு மேலே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம்தான், "எங்க புடிக்கணும்?" என்று கேட்டாள். அன்று முழுக்க இழுத்தார்கள். மறுநாள் விடிந்தபோது ஏரி அசையாமல் கிடந்தது. ஊசி கொஞ்சம் நடுங்கி, பிறகு நிமிர்ந்தே நின்றது. அதற்கடுத்த காலையும் நின்றது. அதற்கடுத்ததும். தகவல் டி.இ.க்குப் போனது. அவர் தாமே வந்து, ஒரு விடியற்காலை மீட்டருக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ரோட்டோர மலைக் காகிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த அளவில் அவர் நியாயமான மனிதர்.

ஆனால் விழாவைத் தள்ளிவைத்த பழிக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. இன்னாசிமுத்துவை வடக்கே, பெயர் சொன்னாலே குளிரெடுக்கும் ஒரு மலைநாட்டுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றது. அவர் மனைவிக்கு அப்போது ஸ்டெல்லா வயிற்றில். மாற்றலை எதிர்த்து மனு எழுதித்தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, "அங்கயும் மலை இருக்கும்ல?" என்று கேட்டார். மந்திரி வந்தபோதும் மாலை விழுந்தபோதும் அவர் இல்லை. பேசியவர்களில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் அவர் சொன்ன மாதிரியே மலை மலையாகப் படமும் வந்தது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்று கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகு சில சமயம் எங்கள் வீட்டுக்கு வந்து டெலிவிஷன் பார்ப்பார். அவரோடு உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. கிரிக்கெட் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் படம் அறுந்து, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அட்டை வரும். தெருவே உச்சுக்கொட்டும். இவர் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "எவனோ ஒருத்தன் இப்ப மலைமேல ஓடிட்டிருப்பான்," என்பார். படம் திரும்பி வந்ததும், "புடிச்சிட்டான்," என்று சொல்லி எழுந்து போய்விடுவார். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவே மாட்டார்.

அவரைப் பற்றிய குறைகளை எழுதிக்கொண்டே போகலாம். மகள் கல்யாணத்தன்று மேடை விளக்கு மினுக்குகிறது என்று ஏணியில் ஏறியவர். என் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த இடம் தவறு என்று வருகிறபோதெல்லாம் சொன்னவர். தவறுதான், ஆனால் எத்தனை தரம் சொல்வது?

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். விழா முடிந்து சில மாதங்கள் கழித்து, முனியன் கொட்டாய்க்கு மின்சாரம் வந்தது. மறுநாள் விடியும்போது கரடிப்பாறை நிலையத்துக் கதவைத் தட்டும் சத்தம். மாதம்மா நின்றிருந்தாள். நடந்தே ஏறி வந்திருந்தாள்.

"அந்தாளுகிட்ட பேசணும். ஃபோன் போடு."

எங்கள் நிலையங்களுக்குள் நாங்களே பேசிக்கொள்ள ஒரு தனித் தொலைபேசி உண்டு. அடுத்த மலையைக் கூப்பிட்டு, அதற்கடுத்ததைக் கேட்கச் சொன்னேன். அவர்கள் அதற்கடுத்ததை. நடுவில் கம்பியில் கொஞ்ச தூரம், மறுபடி மலை. இன்னாசிமுத்துவுக்கு ஒரு அவசரம் என்று ஊர் பேர் தெரியாத எத்தனையோ குரல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றின. வெகுநேரம் கழித்து வடக்கிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "ஹலோ" என்று அவர் குரல் வந்தது. நான் மாதம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அதுவரை அவள் தொலைபேசியைத் தொட்டதில்லை. இங்கிருந்தே வடக்கு வரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல் கத்தினாள்.

"இஞ்சினியரே! நான் மாதம்மா. வெளக்கு எரியுது. ராத்திரி பூரா யாரும் அணைக்கவே இல்ல, குழந்தைங்க தூங்கவே இல்ல... கேக்குதா? ஆனா உம்மேல எனக்குக் கோவம் போவல, ஆமா."

காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "இந்தாப்பா. மூச்சு வுடற சத்தம்தான் கேக்குது. ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு."

வாங்கிக் காதில் வைத்தேன். அவ்வளவு தூரம் மலையேறி வந்த அந்தப் பெண்ணிடம் வேறு யாராக இருந்தாலும் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"சார், அந்தம்மா நிக்கறாங்க. ஏதாவது சொல்லுங்க."

"கல்லாவி," என்றார். "ஏரி ரொம்பியிருக்கா?"

"தளும்புது."

"காத்து?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "ஒரு இலை ஆடல."

"ஊசி?"

திரும்பி மீட்டரைப் பார்த்தேன். "அசையல சார். நிமிந்து நிக்குது."

"ம்," என்றார்.

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று மாதம்மா கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அதையே சொன்னேன்: "'ம்'னாரு." அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மலையிலிருந்து இறங்கிப் போனாள்.

ஸ்டெல்லா அவர் பொருட்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். என்னிடம் அந்த "ம்" இருக்கிறது.